நிலாவுக்குச் சாட்சி சொன்ன கிணற்று வழக்கு

ஆம்பல் நகரில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால் நோயாளியின் வீட்டார் டாக்டரைப் போய்ப் பார்ப்பதில்லை. டாக்டர் மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மதுரையில் இருப்பார். அவர்கள் பிளாஸ்கில் காபியை ஊற்றிக்கொண்டு நேராகப் பூமி லைனைக் கவனிக்கும் இணைப்பகத்துக்குத்தான் போவார்கள். அங்கே நாற்காலியில் பேச்சியம்மாள் இருப்பாள்.

"எம்மா, வியாழக்கிழமை எங்க மாமாவுக்குக் குடலிறக்கம். லைன் நல்லா இருக்குமா?"

"போன மாசம் உங்க அத்தைக்குக் கண்ணு பண்ணும்போது எப்பிடி இருந்துச்சு?"

"அம்சமா இருந்துச்சு."

"அப்ப மாமாவுக்கு மட்டும் குறை வைக்கப் போறேனா? போய் அவருக்கு வேண்டியதச் சமைச்சுப் போடுங்க. முந்தின நாள் மட்டும் பட்டினி, ஞாபகம் இருக்கட்டும்."

காபியை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அனுப்புவாள். கொண்டுவந்தவர்களுக்கும் அப்போதுதான் மனம் ஆறும்.

ஆம்பல் நகர் நிலவின் தென்முனையில், வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட்டுகள் டவுன் பஸ் மாதிரி புறப்படத் தொடங்கிய காலத்தில் முதலில் ஏறி இடம் பிடித்தவர்கள் சுற்றுவட்டாரத்து மக்கள்தான். அதனால் ஆறாயிரம் பேர் கொண்ட அந்த ஊரில் இன்றைக்கும் பாதிப் பேச்சு திருநெல்வேலிப் பேச்சு. காற்று, தண்ணீர், கத்தரிக்காய் எல்லாம் அங்கேயே உண்டாகிவிடும். உண்டாகாதது அறுவை நிபுணர்கள் மட்டுமே. வந்து குடியிருக்க அவர்களில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆகவே 'தொலைக்கரம்' வந்தது. மதுரையில் டாக்டர் கையை அசைத்தால் ஒன்றேகால் விநாடி கழித்து நிலவில் எஃகு விரல்கள் அசையும். இடையில் நோயாளி இருமினால் சட்டென்று விலகிக்கொள்ளும் அளவுக்கு அந்த விரல்களுக்கே சொந்தப் புத்தி உண்டு. ஆனால் லைன் போய்விட்டால் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். திறந்த வயிற்றை மூட வேண்டும் என்கிற புத்தி அதற்குக் கிடையாது.

லைன் போகாமல் பார்த்துக்கொள்வது பேச்சியம்மாளின் பொறுப்பு. அதற்காக அவளிடம் இரண்டு திசைவிகள், அதாவது தகவலை வழிபார்த்து அனுப்புகிற ரூட்டர்கள், இருந்தன. ஊரார் 'முன்னவர்' என்று பெயர் வைத்திருந்த முதல் திசைவி, மலையுச்சி ஆன்டெனாத் தட்டு வழியாகப் பூமியோடு பேசும். அது அகலமான பாதை. 'பின்னவர்' பழைய துணைக்கோள் ஒன்றின் வழியாகச் சுற்றிக்கொண்டு பேசும். ஒடுக்கமான பாதை, அதுவும் துணைக்கோள் தலைக்கு மேலே இருக்கும் ஐம்பது நிமிடத்துக்குத்தான். இருவரில் யார் வேலை பார்க்கிறார்கள் என்பது மருத்துவமனைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் இருக்கையின் முகவரி மட்டுமே. இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம் தகவலைக் கொடுத்துவிடும்.

யார் உட்காருவது என்பதை மதிப்பெண் முடிவு செய்யும். முன்னவருக்கு நூற்றுப் பத்து, பின்னவருக்கு நூறு. மூன்று விநாடிக்கு ஒருமுறை இருவரும் ஒருவருக்கொருவர் 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வார்கள். பத்து விநாடிக்கு முன்னவரின் குரல் வராவிட்டால் பின்னவர் இருக்கையைப் பிடித்துக்கொள்வார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னவர் திடகாத்திரமாக 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்க, அவரிடமிருந்து பூமிக்குப் போகிற பாதை அறுந்து கிடந்தால் என்ன செய்வது? ஷட்டரை வெளியே பூட்டியது தெரியாமல் உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருக்கிற முதலாளி மாதிரிதான் அது.

அதற்காகத்தான் 'பூமிச்சாட்சி'. பூமியில் உள்ள ஏதாவது ஓர் இணையப் பக்கத்தை முன்னவர் ஐந்து விநாடிக்கு ஒருமுறை கேட்பார். மூன்று முறை தொடர்ந்து சரியான பதில் வராவிட்டால் அவருடைய மதிப்பெண்ணில் இருபது குறையும். தொண்ணூறு ஆனவர் எழுந்திருக்க, நூறு உள்ளவர் உட்காருவார். பதில் மறுபடி வரத் தொடங்கினால் இழந்த இருபதும் கிடைத்துவிடும். முன்னவர் தன் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார். சரியான பதில் என்பதுதான் இதில் சூட்சுமம். பூமி பேசாமல் இருந்தால் வழியிலுள்ள நிலையங்கள் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று தாங்களே ஒரு பதிலைத் தந்துவிடும். அதையும் பதில் என்று நம்பி முன்னவர் ஏமாறக்கூடாது. எனவே வரவேண்டிய வாக்கியம் இதுதான் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். அதாவது, பூமியில் ஒருநாளும் மாறாத ஒரு வாக்கியம் வேண்டும்.

பேச்சிக்கு முன்னால் இருந்தவர்கள் அந்த வாக்கியத்தைத் தேடி அலைந்தார்கள். அரசாங்கப் பக்கம் ஒன்றை வைத்தார்கள். பொங்கலுக்குப் பராமரிப்பு என்று மூன்று நாள் மூடிவிட்டார்கள். வானிலைப் பக்கத்தை வைத்தார்கள். புது அதிகாரி வந்து அதன் வடிவத்தையே மாற்றினார். பெரிய கம்பெனி ஒன்றின் முகப்பை வைத்தார்கள். அதை வேறொரு கம்பெனி விலைக்கு வாங்கிப் பெயரை மாற்றியது. பாதை நன்றாக இருக்கும்போதே முன்னவர் ஒவ்வொரு முறையும் மதிப்பெண் இழந்து எழுந்துபோனார். ஒரு தடவை பித்தப்பை அறுவையின் நடுவில் அப்படி நடந்தது. ஐம்பதாவது நிமிடம் துணைக்கோள் மறைய, எஃகு விரல்கள் திறந்த வயிற்றுக்கு மேலே பதினேழு நிமிடம் சும்மா நின்றன. ஆள் பிழைத்துக்கொண்டார், ஊர்தான் நடுங்கிப்போயிற்று.

அதன் பிறகுதான் பேச்சியிடம் பொறுப்பு வந்தது. வந்த வாரமே அவள் ஒரு பக்கத்தைச் சாட்சியாக வைத்தாள். வள்ளிக்குளம் நீதிமன்றம், அசல் வழக்கு எண் 41, கிணறும் அதற்குப் போகும் நடைபாதையும். நிலை: நிலுவையில் உள்ளது.

வழக்குக்கு வயது எண்பத்து மூன்று. பேச்சியின் தாத்தாவும் அவருடைய அண்ணனும் ஆரம்பித்தது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து, அவர்கள் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்து, இப்போது பேச்சியின் அண்ணன் கொம்பையா ஒரு பக்கம், பெரியப்பா முறைக்காரரின் மகன் லிங்கதுரை மறுபக்கம். கிணற்றில் தண்ணீர் வற்றி அறுபது ஆண்டுகள் ஆகின்றன.

"எழுத்து மாறாதுன்னு என்ன உத்தரவாதம்?" என்று பூமியிலிருந்த பாதுகாப்புக் குழு அன்றைக்குக் கேட்டது.

"சார், நீங்க எங்க குடும்பத்துல பொண்ணு எடுக்கல. அதான் கேக்கீங்க" என்றாள் பேச்சி.

முப்பது நாள் சோதித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு ஆறு ஆண்டுகளில் ஒரு பொய் மாற்றம் கூட நடக்கவில்லை. உண்மையாகவே பாதை அறுந்த மூன்று தடவையும் பின்னவர் பதினைந்தே விநாடியில் வந்து உட்கார்ந்தார். பேச்சி தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள், நடக்கவும் தகுதி இருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலையில் அவள் கணவர் நயினார் இட்லிக் கொப்பரை முன்னால் மயங்கி விழுந்தார். ஊர்ப் பொதுச் சமையற்கூடத்தின் தலைமைச் சமையற்காரர் அவர். நிலவில் விழுவதும் நிதானமாகத்தான் நடக்கும் என்பதால் நாலு பேர் ஓடிவந்து தாங்கிக்கொள்ள நேரம் இருந்தது. மதுரையிலிருந்து டாக்டர் ஜரீனா படங்களைப் பார்த்துவிட்டு, இதய வால்வு சுருங்கிவிட்டது, இந்த வாரத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்றார். மூன்று குடியிருப்புகளுக்கு அவர் ஒருவர்தான். வியாழக்கிழமை பத்து மணி முதல் இரண்டு மணிவரை ஒழிவு இருந்தது. அதை விட்டால் அடுத்த மாதம். அடுத்த மாதம் வரைக்கும் நயினாரின் வால்வு தாங்காது.

"நானும் பிளாஸ்க்குல காபி கொண்டாரணுமா?" என்று படுக்கையில் இருந்தபடியே நயினார் கேட்டார்.

"உங்களுக்கு மட்டும் இலவசம். சும்மா படுங்க" என்றாள் பேச்சி. பயம் இருந்தது, ஆனால் லைனைப் பற்றிய பயம் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குத் தன் மீது நம்பிக்கை இருந்தது.

திங்கட்கிழமை கொம்பையா கூப்பிட்டான்.

"ஏ பேச்சி, ஒரு நல்ல சேதி சொல்லுதேன். கெணத்துக் கேசு முடியப்போவுது."

நிலவுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு பேச்சு போய்வர இரண்டரை விநாடி ஆகும். பேச்சி அதைவிட அதிகமாகவே எடுத்துக்கொண்டாள்.

"எப்பிடிண்ணே?"

"நானும் லிங்கதுரையும் ராசியாயிட்டோம். போன வாரம் கோர்ட் கேன்டீன்ல ஒரே பெஞ்சுதான் காலியா இருந்துச்சு. எவ்வளவு நேரம் நிக்கது, முட்டி வலிக்கி. அவனும் உக்காந்தான், நானும் உக்காந்தேன். அவனுக்கும் அதே முட்டி, அதே மாத்திரை. பேசிக்கிட்டே இருந்தோம். இனி எதுக்குடே இந்தச் சனியன்னான். சரின்னுட்டேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சமாதான மனுவுல கையெழுத்து. நம்ம அய்யா இருந்திருந்தா..."

பேச்சிக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அந்த மகிழ்ச்சி முழுதாக ஒரு நிமிடம் நின்றது. பிறகு வியாழக்கிழமை பதினொரு மணி என்பது மனதில் உறைத்தது. நீதிபதி உத்தரவைச் சொன்ன மறுவிநாடி பக்கம் தானாக மாறும். 'நிலுவையில் உள்ளது' போய் 'முடிவுற்றது' வரும். பதினைந்து விநாடியில் முன்னவர் மதிப்பெண் இழப்பார், நயினாரின் திறந்த நெஞ்சு ஒடுக்கமான பாதையின் கைக்குப் போகும். ஒரு குடல்வாலுக்கு அந்தப் பாதை போதும். அறுவைக்காக நிறுத்திவைத்திருக்கிற இதயத்துக்குப் போதாது. ஐம்பது நிமிடத்தில் அதுவும் இல்லை.

அவள் நிர்வாகி சவரிமுத்துவின் அறைக்கு ஓடினாள். அவர் விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"சாட்சிய மாத்துங்களேன், பேச்சியம்மா."

"மாத்துனா முப்பது நாள் சோதனை சார். நானே கேட்டு வாங்குன விதி."

"அப்ப நாலு மணி நேரத்துக்குக் கண்காணிப்ப நிறுத்தி வைங்க."

"கண்காணிப்பு இல்லாத லைன்ல தொலைக்கரம் ஆபரேஷனத் தொடங்கவே தொடங்காது. அந்தப் பூட்டையும் நான்தான் போட்டேன்."

சவரிமுத்து புத்தகத்தை மூடினார். "எல்லாத்தையும் இவ்வளவு ஒழுங்காச் செஞ்சிருக்க வேண்டாம் நீங்க" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

பேச்சி மறுபடி கொம்பையாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். தன் சண்டையை நம்பி நிலவில் ஆறாயிரம் பேர் இருக்கிறார்கள் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. கொஞ்சம் பெருமைப்பட்டான்போல் தோன்றியது. பிறகு மச்சானை நினைத்துக் கலங்கினான்.

"ஒரே ஒரு வாய்தா வாங்குண்ணே. அடுத்த வாரம் முடிச்சிக்கிடுங்க."

"வாய்தாவா? புது ஜட்ஜ் அம்மா வந்திருக்காவ, பழைய கேசு எல்லாத்தையும் இந்த வாரத்துல முடிச்சே தீருவேன்னு நிக்காவ. நேத்து ஒரு வக்கீலு காய்ச்சல்னு சொன்னாரு. காய்ச்சலையும் கூட்டிட்டு வாங்க, விசாரிச்சிருவோம்னுட்டாவ."

எண்பத்து மூன்று ஆண்டுகளில் அந்த வழக்குக்கு அறுநூற்றுச் சொச்சம் வாய்தாக்கள் கிடைத்திருந்தன. வக்கீல் மகள் வளைகாப்புக்கு, கோயில் கொடைக்கு, கட்டுக்குள் ஒரு தாள் தலைகீழாக இருந்ததற்கு, மழை வரும்போல் இருந்ததற்கு. இப்போது ஓர் உயிருக்காகக் கேட்கும்போது ஒன்று கிடைக்கவில்லை. பேச்சிக்குக் கோபத்தில் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, பொறியாளர் மாதிரி யோசித்தாள்.

"அண்ணே, ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான மனு செல்லும்? கோர்ட்ல வச்சு ஒரு வார்த்த மாறிப் பேசினா?"

"திரும்பச் சண்டை போடச் சொல்லுதியா?"

"நடிப்புக்குண்ணே. ஒருநாள்."

"நான் போட்டுருவேன். அவன் சம்மதிக்கணுமே. நீயே கேளு."

பிறந்ததிலிருந்து பேச்சி லிங்கதுரையோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்து வீட்டில் இருந்தவரைக் கூப்பிட அவள் நிலவுக்கு வரவேண்டியிருந்தது. "அண்ணே, நான் பேச்சி" என்று தொடங்கி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"எம்மா, ஒண்ணுமில்லாததுக்கு எண்பத்து மூணு வருசம் சண்டை போட்டிருக்கோம். உங்க வீட்டுக்காரர் உசுருக்காக ஒருநாள் போடமாட்டமா?" என்றார் லிங்கதுரை.

பேச்சி போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நல்ல மனிதரைத் தெரியாமலே நாற்பத்தாறு வயது ஆகிவிட்டதே என்றிருந்தது.

செவ்வாயும் புதனும் மூன்று பேரும் ஒரே லைனில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். எதைப் பற்றிச் சண்டை போடுவது என்று தேடினார்கள். கிணற்றடியில் ஒரு தென்னை நிற்பது கொம்பையாவுக்கு ஞாபகம் வந்தது. அது மனுவில் இல்லை, யாரும் ஏறிக் காய் பறித்தும் பல காலம் ஆயிற்று. அதுவே போதும் என்று முடிவாயிற்று. லிங்கதுரை உறுமிப் பார்த்தார், கொம்பையாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, இப்பிடிச் சிரிச்சா ஜட்ஜ் அம்மா ரெண்டு பேருக்கும் கலியாணமே பண்ணி வச்சிருவாவ" என்று பேச்சி அதட்டவேண்டி வந்தது. நிலவோடு சேர்ந்து சண்டை போடுவதும் கஷ்டம். ஒரு வசவுக்கும் அதன் பதிலுக்கும் நடுவே இரண்டரை விநாடி இருந்தால் யாருக்கும் கோபம் நிற்பதில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நயினாரை உள்ளே கொண்டுபோனார்கள். இணைப்பகத்தில் பேச்சியின் முன்னால் இரண்டு திரைகள். ஒன்றில் நூற்றுப் பத்து, நூறு. மற்றொன்றில் வள்ளிக்குளம் நீதிமன்றத்தின் நேரலை. பதினொன்று பத்துக்கு டாக்டர் ஜரீனா நயினாரின் இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை எந்திரத்துக்குத் திருப்பினார். பதினொன்று இருபதுக்கு வழக்கு எண் 41 கூப்பிடப்பட்டது.

"சமாதானமா? ரொம்ப சந்தோஷம்" என்றார் நீதிபதி. அறுபது வயதுப் பெண்மணி, கையில் பேனாவைத் தயாராக வைத்திருந்தார்.

"அம்மா, ஒரு சின்ன விசயம்" என்றான் கொம்பையா, ஒத்திகையில் சொன்னபடியே. "கெணத்தடித் தென்னை யாருக்குன்னு இதுல இல்ல."

"அது எங்களுக்கு" என்றார் லிங்கதுரை.

"எப்பிடி உங்களுக்கு? வேரு எங்க பக்கம்லா இருக்கு."

"காயி எங்க பக்கம்லா விழுது."

நீதிபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மரம். காயில் ஆளுக்குப் பாதி. மனுவில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். வேறு ஒன்றும் இல்லையே?" என்று சொல்லி எழுதத் தொடங்கினார்.

ஒத்திகை அங்கேயே தீர்ந்துபோயிற்று. எண்பத்து மூன்று ஆண்டு நீதிமன்றத்தைப் பார்த்த குடும்பம் அது. ஒரு நீதிபதி அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லக்கூடும் என்பது மூன்று பேருக்குமே தோன்றவில்லை. லிங்கதுரை விழித்தார். பேனா ஓடிக்கொண்டிருந்தது. நிலவில் பேச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அவள் இங்கிருந்து கத்தினாலும் அங்கே கேட்காது. மருத்துவமனையில் நயினாரின் பழைய வால்வு அப்போதுதான் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

"பாதிக் காயா?" என்றான் கொம்பையா. குரல் மாறியிருந்தது. "இவுக எண்ணுனா பாதி எப்பிடிம்மா பாதியா இருக்கும்? கோயில் நெல்ல இவுக அய்யா அளந்த லெச்சணம்தான் ஊருக்கே தெரியுமே."

லிங்கதுரை மெல்லத் திரும்பினார்.

"எங்கய்யாவ எதுக்குல இழுக்க?"

"உள்ளதச் சொன்னேன்."

"உங்கய்யா ராத்திரி வந்து வரப்பு வெட்டுனத நான் சொல்லட்டா? உங்க தாத்தா கள்ளக் கையெழுத்துப் போட்டதச் சொல்லட்டா?"

பிறகு ஒத்திகை தேவைப்படவில்லை. கோயில் நெல், வரப்பு, ஒரு கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது, செத்த வீட்டுக்கு வராமல் போனது என்று எல்லாம் வரிசையாக வந்தன. பூமியில் வசவுக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டான். லிங்கதுரையை இரண்டு வக்கீல்கள் பிடித்துக்கொண்டார்கள். நீதிபதி மேசையைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, சமாதான மனுவைத் தள்ளுபடி செய்தார். வழக்கு முதலிலிருந்து விசாரிக்கப்படும் என்றார். அந்த அம்மாள் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

முதல் திரையில் நூற்றுப் பத்து, நூற்றுப் பத்தாகவே இருந்தது.

பேச்சி உட்கார்ந்தாள். அண்ணன் தனக்காகத்தான் அந்த வார்த்தையைச் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்காக அவன் எங்கேயும் போய்த் தேடவில்லை, வார்த்தை நாக்கின் நுனியிலேயே இருந்தது என்பதையும் அவள் பார்த்துவிட்டாள்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் ஜரீனாவின் குரல் வந்தது. "முடிஞ்சிருச்சும்மா. இதயம் தானாத் துடிக்குது. லைன் ஒரு இம்மி அசையல." பேச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். எந்தத் திசையில் கும்பிடுகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து நயினார் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். உப்பு சரியில்லை என்று சமையற்கூடத்துக்குச் சொல்லியனுப்பினார். பிறகு, "ரெண்டு மச்சானையும் ஒண்ணாக் கூப்பிடு பேச்சி, நன்றி சொல்லணும்" என்றார்.

"மாப்பிள்ள நல்லாருக்கணும், அதான் எனக்கு வேணும்" என்றான் கொம்பையா. "ஆனா அவன் வாற லைன்ல நான் வரமாட்டேன். எங்க தாத்தாவக் கள்ளக் கையெழுத்துன்னுட்டான்."

எனவே லிங்கதுரைக்கு நயினார் தனியாக நன்றி சொன்னார். லிங்கதுரை மனம் நிறைந்து வாழ்த்தினார். வீட்டுக்காரரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி பேச்சியிடமும் சொன்னார். பேச்சி தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு எங்கண்ணன் சொன்னது எனக்காகச் சொன்னதுதான். மனசுல வைக்காதீக."

"சொன்னது உனக்காகத்தாம்மா. நெனச்சு வச்சிருந்தது யாருக்காக?"

தென்னைக்காகவும் மானநஷ்டத்துக்காகவும் தனியாக ஒரு வழக்குப் போட்டிருப்பதாக லிங்கதுரை சொன்னார். எண் 7. கொம்பையா அதற்கு எதிர்மனுவும் போட்டாயிற்று.

அன்றே பேச்சி பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினாள். பூமிச்சாட்சியை மாற்ற வேண்டும், முப்பது நாள் சோதனையை உடனே தொடங்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் நேர்மையாகவே எழுதினாள்: இரண்டு பேர் சமாதானம் ஆவதற்கு ஓர் ஊரே தடையாக இருக்கக் கூடாது. எழுதி அனுப்பிய பிறகு, நாமே போய் இரண்டு அண்ணன்மாரையும் மறுபடி ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிடலாம் என்றுகூட அவளுக்கு நம்பிக்கை வந்தது.

நாலாம் நாள் குழுவின் பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தற்போதைய சாட்சி அண்மையில் மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளானது. இரு தரப்பினரும் மனப்பூர்வமாக விரும்பியும், நீதிமன்றமே முயன்றும், அதன் வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இவ்வளவு உறுதியான சாட்சி வேறு எந்தக் குடியிருப்பிடமும் இல்லை. செவ்வாய்க் கிரகக் குடியிருப்புகள் இரண்டும் இதே முறையைப் பின்பற்ற விரும்புவதால், இணைப்பக அதிகாரி தன் ஊரிலிருந்து மேலும் சில வழக்குகளைப் பரிந்துரைக்கலாம். ஆனாலும் ஒரே சாட்சியை நம்பியிருப்பது குறைபாடுதான் என்று குழு ஒப்புக்கொண்டது. ஆகவே புதிய வழக்கு எண் 7-ஐ மாற்றுச் சாட்சியாகச் சேர்க்கலாம். படிவம் இணைக்கப்பட்டுள்ளது.

படிவத்தில் எல்லாக் கட்டங்களும் எளிது. கடைசிக் கட்டத்தில் மட்டும் பேச்சியின் கை நின்றது: மாற்றுச் சாட்சியின் எதிர்பார்க்கப்படும் ஆயுள். கொம்பையாவுக்கு அறுபத்தெட்டு, லிங்கதுரைக்கு எழுபது. கணக்குப் பார்த்தால் பதினைந்து ஆண்டு எழுதலாம். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு, பொதுவாக வீட்டைப் பற்றி விசாரித்தாள்.

"பேரன் எப்பிடிண்ணே இருக்கான்? நாலு வயசு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. கெட்டிக்காரப் பயலாக்கும்" என்றான் கொம்பையா. குரலில் பூரிப்பு ததும்பியது. "நேத்து பந்து உருண்டு லிங்கதுரை வீட்டு வாசலுக்குப் போயிருச்சு. அந்த வீட்டுச் சின்னப்புள்ள எடுத்து நீட்டுது. நம்ம பய கைய நீட்டணுமே! பந்தே வேண்டாம்னு திரும்பி வந்துட்டான். யாரும் சொல்லிக் குடுக்கல, பாத்துக்கோ."

பேச்சியம்மாள் லைனை வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். ஆயுள் என்ற கட்டத்தில் எழுபது ஆண்டுகள் என்று எழுதினாள். முப்பது நாள் சோதனைகூடக் கேட்காமல் குழு அன்றைக்கே ஒப்புதல் தந்துவிட்டது.